பாஸ்கு படம்

எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. எண்பத்தாறில் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வீடியோ கடை வைத்த பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. டெக் வாடகைக்குக் கேட்டு வருகிறவனெல்லாம் எனக்குத் திருடனாகவே தெரிந்தான். ரேஷன் கார்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டுதான் டெக்கைக் கொடுப்பேன். கேசட் திரும்பி வந்தால் மூடியைத் தூக்கி நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். தர்மன் பெற்ற தாயிடமும் ரேஷன் கார்டு கேட்பான் என்று பஸ் ஸ்டாண்டில் என்னைக் கேலி பேசினார்கள். பேசட்டும். என் கடையில் ஒரு கேசட்கூடத் தொலைந்ததில்லை.

அந்தக் கடையில் யாரும் தொடாத கேசட் ஒன்று இருந்தது. பெங்களூரில் மொத்தமாக வாங்கியபோது கட்டோடு வந்தது. பெயர் இல்லை, அட்டை இல்லை. போட்டுப் பார்த்தால் இங்கிலீஷ் படம். செத்தவர்கள் கல்லறையைப் பிளந்துகொண்டு எழுந்து ஊருக்குள் வருகிறார்கள். பேய்ப் படம் என்று நினைத்து, தைரியத்துக்குக் கடைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பயமே வரவில்லை. ஒரு பிணத்துக்குக் கை கழன்று விழுகிறது. அது அந்தக் கையை எடுத்துத் தன் முதுகைச் சொறிந்துகொள்கிறது. இன்னொன்று தன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுகிறது. பெண்டாட்டி கதவைத் திறக்கிறாள், வீலென்று கத்துகிறாள், வாணலியால் மண்டையில் ஒன்று போடுகிறாள். அது நகராமல் நிற்கிறது. கடைசியில் அவள் திட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பாடு வைக்கிறாள். இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். நான் சிரிக்கவில்லை. ‘பொணப் படம்’ என்று எழுதி ஒட்டி மேல் தட்டில் தூக்கிப் போட்டேன்.

அதை விரும்பிப் பார்த்த முதல் ஆள் பிலவேந்திரன். எண்பத்தாறு கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், கிரீஸ் கறை ஏறிய நகங்கள், பார்த்தாலே லாரி ஆள் என்று தெரிந்தது. கடைக்குப் பின்னால் ஓர் அறையில் சின்ன டிவி வைத்திருந்தேன். டெக் எடுத்துப் போக வசதியில்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். ஏதாவது சிரிப்புப் படம் போடச் சொன்னார். கழித்துக் கட்டுகிற நினைப்பில் பொணப் படத்தைப் போட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம். டெக் நாடாவைக் கடித்துவிட்டது என்று ஓடிப் போய்ப் பார்த்தால், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் நீர் வழிகிறது.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதே படம். அதற்கடுத்த ஞாயிறும் அதே படம். எனக்கு உறுத்த ஆரம்பித்தது. கதவு தட்டும் இடம் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொல்வார். மறுபடி பார்ப்பார். படம் முழுக்கச் சிரிக்கிறவர் அந்த இடத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். ஒரே படத்தை ஒருவன் எட்டு வாரம் எதற்குப் பார்க்கிறான்? நகல் எடுக்க வழி பார்க்கிறானா? அறையை நோட்டம் விடுகிறானா? அவர் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு நாள் அதை உதறிக்கூடப் பார்த்தேன். ஜெபமாலை ஒன்று விழுந்தது. வேறு ஒன்றுமில்லை. அதன் பிறகு எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகமானது.

பக்கத்து டீக்கடை மாதப்பனிடம் விசாரித்தேன். அவன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, அது சூசையூர் ஆள், செத்து அடக்கமும் பண்ணியாகிவிட்டது என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்துக் கோபப்பட்டேன். அவன் முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் கோபம் போனது.

சூசையூர் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற கிறிஸ்தவ ஊர். மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிற குடும்பங்கள். பிலவேந்திரனுக்கு நிலத்தில் மனசு ஒட்டவில்லை. பதினாறு வயதில் லாரி ஏறியவர் இருபது வருஷத்துக்கு மேல் கிளீனராகவே இருந்தார். எந்த வண்டியின் பிரேக்கையும் அவர் நம்ப மாட்டார், அதனால் டிரைவராக ஆசைப்படவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பெண்டாட்டி பெயர் இசபெல்லா. பிள்ளை இல்லை. அவளுக்கு வாய் அதிகம் என்று ஊரில் பெயர். அவர் லோடு முடிந்து வந்து படி ஏறுவதற்குள் பத்து வசவு விழும். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எண்பத்து நாலு ஆடி மாதம், பெங்களூரிலிருந்து சேலத்துக்கு ஒரு லோடு. தொப்பூர்க் கணவாய் இறங்குவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. பிரேக் சரியில்லை, பார்த்துவிட்டு இறங்கலாம் என்று இவர் சொன்னார். டிரைவர் கேட்கவில்லை. பேச்சு தடித்து, இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை விட்டு இறங்கிவிட்டார். அங்கே வேலை தேடி நின்றிருந்த வேறொருவனை ஏற்றிக்கொண்டு டிரைவர் போனான். அரை மணி நேரத்தில் வண்டி பள்ளத்தில் கிடந்தது. இரண்டு பேரும் அங்கேயே முடிந்தார்கள். இவர் அதற்குள் எதிர்த்திசையில் போகிற ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு ஹூப்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இசபெல்லாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். முகம் அடையாளம் தெரிகிறபடி இல்லை. ஆனால் கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் வேளாங்கண்ணி மாதா உருவம் பதித்த சின்ன சுரூபம். அவள் கையால் கட்டிவிட்டது. சுரூபம் போட்டவன் கிறிஸ்தவன், அந்த வண்டியில் கிறிஸ்தவன் என்றால் பிலவேந்திரன். அதற்கு மேல் யாரும் எதையும் பார்க்கவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கையைப் பார்த்திருப்பார்கள், காலைப் பார்த்திருப்பார்கள். இவர்களுக்கு மாதாவே வந்து சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பெட்டி செய்து, பூசை வைத்து, சூசையூர்க் கல்லறையில் அடக்கம் செய்து, சிமெண்ட் சிலுவையில் பெயரும் எழுதினார்கள். இசபெல்லா தாலியைக் கழற்றினாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், அந்தக் கல்லறையைத் தாண்டிக்கொண்டு பிலவேந்திரன் ஊருக்குள் நடந்து வந்தார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பங்குச் சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லி வைக்கிற உபதேசியார் சவரி, அவரைக் கோயில் வாசலிலேயே மறித்துத் தீர்த்தம் தெளித்து, விசுவாச மந்திரத்தைச் சொல்லச் சொன்னாராம். பேய் வாயில் அது வராது என்று அவர் நம்பினார். பிலவேந்திரன் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே வந்து, ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த இடத்தில் நிறுத்தினார்.

“அவருக்கு மூணு நாளு. எனக்குத்தான் ரெண்டு வருசம் ஆயிப் போச்சுங்க” என்றார்.

சிரிக்க வேண்டிய இடம். ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, ஹூப்ளியில் மஞ்சள் காமாலை வந்து நினைவில்லாமல் கிடந்தேன் என்றார். இரண்டு வருஷமா காமாலை என்றார்கள். சுரூபம் எப்படி அந்த ஆள் கழுத்துக்குப் போனது என்றதற்கு, வண்டியில் கழற்றி மாட்டியிருந்தேன், அவன் திருடிப் போட்டுக்கொண்டான் என்றார். ஊர் மூன்று கட்சியானது. அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்திவிட்டு வந்திருக்கிறான் என்றது ஒரு கட்சி. இவன் அவனே இல்லை, அவன் ஜாடையில் வேறு எவனோ என்றது இன்னொன்று. உடம்பு அவனுடையதுதான், உள்ளே இருக்கிற உயிர் யாருடையதோ என்று குரலைத் தாழ்த்திப் பேசியது மூன்றாவது. குழந்தைகளை அவர் பக்கம் போகவிடாமல் இழுத்துக்கொண்டார்கள்.

இசபெல்லா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதுதான் கொடுமை. வாய் ஓயாதவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் விடவில்லை. மாட்டுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டாள். வேளைக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டு, அவர் வந்து எடுப்பதற்குள் போய்விடுவாள். சாமியார் வந்து, மறுபடி தாலி கட்டக்கூடத் தேவையில்லை, பழைய கல்யாணமே செல்லும் என்று சொல்லிப் பார்த்தார். நான் கட்டிக்கொண்டவர் கல்லறையில் இருக்கிறார் சாமி என்று சொல்லிவிட்டாள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, பிலவேந்திரன் என்று எழுதிய சிலுவைக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். பிலவேந்திரன் மதிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒரு ஞாயிறு நேராகவே அவரைக் கேட்டுவிட்டேன். அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

“எல்லாரும் ஓடறாங்க பாருங்க, அதுக்குச் சிரிப்பு வருதுங்க. எங்க ஊர்ல ஓடறப்ப என்னால சிரிக்க முடியல” என்றார். “அப்பறம் அந்தப் பொம்பள. மண்டையில அடிச்சாலும் வூட்டுக்குள்ள உட்டுட்டா இல்லீங்களா” என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்தப் படம் பிடிபட்டது. செத்தவர்கள் திரும்பி வந்துவிட மாட்டார்களா என்று ஏங்குகிறோம். நிஜமாகவே வந்து நின்றால் எங்கே உட்கார வைப்பது? கட்டிலைக் கொடுத்தாயிற்று, சட்டையைக் கொடுத்தாயிற்று, அழுதும் முடித்தாயிற்று. பேய்ப் படத்தில் பிணம் ஆளைத் தின்ன வருகிறது, தடியை எடுத்து விரட்டலாம். இதில் பிணம் பசிக்கிறது என்று சோறு தின்ன வருகிறது. அதை எப்படி விரட்டுவது? அந்தச் சங்கடத்தில்தான் சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தது, ஒன்பதாவது வாரத்தில். ஆனாலும் காமாலைக் கதையை நான் நம்பவில்லை.

எண்பத்தேழு ஈஸ்டருக்கு மறுநாள் அந்தப் படத்தைச் சூசையூரில் போட வேண்டும் என்று டெக்கும் பெரிய டிவியும் கேட்டார். வழக்கம்போல் ரேஷன் கார்டு கேட்டேன். கொண்டு வந்தார். அதில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். செத்தவனுக்கு அரிசி கிடையாது. அடித்த பெயரை நம்பி டெக்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடவே டெம்போவில் நானும் ஏறிக்கொண்டேன்.

அங்கே ஒரு கூத்து நடந்திருந்தது. கோயில் கூடத்தைத் திறந்துவிட வேண்டிய சவரி, என்ன படம் என்று கேட்டிருக்கிறார். மரித்தவர்கள் எழுந்து வருகிற படம் என்று பிலவேந்திரன் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். ஆண்டவர் பாடுபட்டு மரித்து உயிர்க்கிற பாஸ்கு நாடகத்துக்குத் தவக்காலம் முழுக்க ஒத்திகை பார்த்த ஊர் அது. மரித்தவர் எழுந்து வருவதென்றால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? ஈஸ்டர் பூசை முடிந்ததும், நாளைப் பகல் இரண்டு மணிக்குக் கூடத்தில் பாஸ்கு படம், எல்லாரும் குடும்பத்தோடு வரவும் என்று சவரி அறிவித்துவிட்டார். பிலவேந்திரன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இசபெல்லா வரமாட்டாள்.

நாங்கள் போனபோது ஜன்னல்களில் சாக்கு கட்டியிருந்தது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். டிவியை மேஜையில் ஏற்றியதும் அதற்கு மாலை போட்டு இரண்டு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டார்கள். டெக்கைத் தூக்கிக்கொண்டு எந்த வாசல் வழியாக ஓடலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். இசபெல்லா மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம், கழுத்தில் வெறும் ஜெபமாலை. பிலவேந்திரன் பின்னால் கதவுப் பக்கம் நின்றார்.

படம் ஓடியது. கல்லறைகள் பிளந்தன. கூடம் மொத்தமும் முழங்காலில் நின்றது. சவரி கை குவித்து ஜெபம் எடுத்துக்கொடுக்க, நூறு குரல் பின்னால் சொன்னது. முதல் பிணம் வெளியே வந்தது. கோட்டு போட்டிருந்தது. அது ஆண்டவர் எழுப்பிய லாசரா என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். கை கழன்று விழுந்தது. ஜெபம் பாதியில் நின்றது. பிணம் கையை எடுத்து முதுகைச் சொறிந்தது. சவரி திரும்பி என் நெற்றி விபூதியைப் பார்த்தார். நான் டெக்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன்.

அப்போது பெண்கள் பக்கம் யாருக்கோ மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், வெடித்துவிட்டது. பிறகு யாராலும் முடியவில்லை. முழங்காலில் இருந்தவர்கள் அப்படியே சரிந்து உட்கார்ந்து சிரித்தார்கள். நாற்பது நாள் கறியும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் துக்கம் காத்த ஊர். சவரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. ஒன்பது மாதமாகச் செத்தவனை ஊருக்குள் வைத்துக்கொண்டு திணறிய திணறல் எல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தப் பிணம் தன் வீட்டுக் கதவைத் தட்டியது. சிரிப்பு நின்றுவிட்டது. எல்லா முகமும் இசபெல்லா பக்கம் திரும்பியது. திரையில் அந்தப் பெண்டாட்டி கத்தினாள், வாணலியால் அடித்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இசபெல்லா எழுந்து நின்றாள். நான் படத்தை நிறுத்தினேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவள் பிலவேந்திரன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அது செத்தும் நேரா வூட்டுக்கு வந்துச்சு. நீ உசுரோட இருந்தும் எதுக்கு வரல?”

அவர் காமாலை என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஓட வழியில்லாமல் மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். ஹூப்ளியில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்திலேயே, நம் பக்கத்து டிரைவர் ஒருவர், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல், தொப்பூர் விபத்தை இவரிடமே சொல்லியிருக்கிறார். கிளீனர் பெண்டாட்டி குழிக்குள் விழப் போனாள், நாலு பேர் பிடித்து இழுத்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

“நீ எனக்காவ அழுதன்னு சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. இன்னுங் கொஞ்ச நாளு அழட்டும்னு இருந்துட்டேன். அப்பறம் வரப் பயமாப் போச்சு” என்றார்.

எனக்கே அவரை அறையலாம் போலிருந்தது. இசபெல்லா சவரி பக்கம் திரும்பினாள்.

“இது அவருதாங்க உபதேசியாரே. இந்தப் புத்தி வேற எவனுக்கும் வராது.”

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சுரூபத்தை அந்த ஆள் திருடினானா என்று கேட்டாள். இல்லை என்றார். கணவாய் இறங்கப் பயந்த அந்த ஆளுக்கு இவரே கழற்றிப் போட்டுவிட்டிருக்கிறார். பிரேக் இல்லாத வண்டி என்று தெரிந்தும் அவனை ஏறாதே என்று சொல்லாமல், மாதா பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பெயர் முனிராஜ், தேன்கனிக்கோட்டைப் பக்கம், கன்னடம் பேசுகிறவன். டீ குடித்த நேரத்தில் தெரிந்தது அவ்வளவுதான்.

“அப்ப அந்த வூட்ல ஒருத்தி இன்னும் வழி பாத்துக்கிட்டு இருப்பா” என்றாள் இசபெல்லா. “போயிச் சொல்லிட்டு வா. சொல்ற வரைக்கும் என் வூட்டுக்குள்ள வராத.”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதன் பிறகு பொணப் படத்துக்கு என் கடையில் ஓய்வே இல்லை. சுற்றுப்பட்டு ஊரிலிருந்தெல்லாம் அந்தப் பாஸ்கு படத்தைக் கொடுங்க என்று வந்தார்கள். பிலவேந்திரன் மட்டும் வரவில்லை. ஞாயிறுதோறும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராக அலைகிறார் என்று மாதப்பன் சொன்னான். எங்கேயாவது டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண்டுபிடித்தேன் என்று வந்து நிற்பார் பார் என்று நான் சொன்னேன். இசபெல்லாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ஆவணியில் அவர் வந்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றதும், நம்பாமல் அவளும் கூடவே கிளம்பியிருக்கிறாள்.

திரும்பி வந்து அவரை வீட்டுக்குள் விட்டாள். பழைய வசவும் ஆரம்பித்துவிட்டது. சிலுவையில் இருந்த பெயரைக் கொத்திவிட்டு முனிராஜ் என்று எழுதினார்கள். ஞானஸ்நானம் பெறாதவனுக்குச் சிலுவை ஆகுமா என்று சவரிக்குச் சந்தேகம், சாமியார் ஆகும் என்றார். இதையெல்லாம் பிலவேந்திரனே கடைக்கு வந்து சொன்னார். அன்று அவர் படம் கேட்கவில்லை. அந்த வீட்டில் நடந்ததை மட்டும் நான் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். இரண்டு தடவையும் மாறாமல் சொன்னார்.

மலைக்காட்டு ஓரம் தனி வீடு. முனிராஜின் பெண்டாட்டி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று மூன்று வருஷமாக ஊர் அவளிடம் சொல்லிவந்திருக்கிறது. வந்தவர்களை அவள் சந்தேகமாகப் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. பிலவேந்திரன் ஹூப்ளியில் கற்ற கன்னடத்தில் பிரேக்கையும் சுரூபத்தையும் கல்லறையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “யாராதரூ அத்தரா?” என்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

என்ன சொல்கிறாள் என்று இசபெல்லா கேட்டாள். யாராவது அழுதார்களா என்று கேட்கிறாள் என்றார் பிலவேந்திரன்.

இசபெல்லா அவரை விலக்கிவிட்டு முன்னால் போய் நின்று, தமிழிலேயே சொன்னாளாம்.

“நான் அழுதனுங்க. ரெண்டு வருசம் அழுதது அத்தனையும் உங்க வூட்டுக்காரருக்குத்தானுங்க.”